பன்னிரண்டு நாற்பதுக்கு வரும் குரல்

அந்த ஏரியில் எதிரொலி திரும்பி வர ஒரு வருடம் ஆகும். கரையில் நின்று யாராவது உரக்கச் சொன்னால், அந்தச் சொல் தண்ணீரைக் கடந்து எதிர்க்கரைக் காட்டுக்குள் போய், சரியாக முந்நூற்று அறுபத்தைந்து நாள் கழித்து, சொன்ன அதே நிமிடத்தில் சொன்ன இடத்துக்கே திரும்பி வரும். பூங்கா திறந்த புதிதில் இதனால் வந்த வம்பு கொஞ்சநஞ்சமல்ல. கூட்டமாக வந்து கூடாரம் போட்டுத் தங்கும் அலுவலகக்காரர்கள், போன வருடம் மேலாளரைத் திட்டியதை இந்த வருடம் மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று. நிச்சயதார்த்தம் ஒன்றும் நின்றுபோனது. பிறகு நிர்வாகம் வாசலில் ஒரு பலகை வைத்தது: ‘உரக்கப் பேசுமுன், அடுத்த ஆண்டு யாரோடு வருவீர்கள் என்று யோசிக்கவும்.’ அதன்பின் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. குரல் திரும்பி வரும்போது அதன் மேலே சத்தம் போட்டால் அது கலைந்துவிடும், அமைதியாக இருந்தால் அது மறுபடியும் காட்டுக்குப் போய் மறு வருடமும் வரும் என்பதையும் பூங்காக் காவலர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறை ஒன்றிலிருந்து, குடும்பத்தோடு முப்பது பேர் ஒருமுறை அங்கே வந்து தங்கினார்கள். அதில் ஒருவருக்குக் ‘கால்பவர்’ என்று பெயர். லென்ஸில் கால் பவர் கூடினாலும் குறைந்தாலும் கருவி இல்லாமல் வெறும் கண்ணாலேயே சொல்லிவிடுவார் என்பதால் பட்டறை வைத்த பெயர் அது. அவர் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். நல்ல கணீர் குரல் அவருக்கு. பட்டறை வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளே ஆறு இயந்திரங்கள் ஓடினாலும் கால்பவருக்குக் கேட்கும், கேட்காததுபோல் இருக்க முடியாது. நான்கு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த இரண்டாம் வாரம் அம்மாவின் தொண்டையில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். உயிர் பிழைத்தது, குரல் போனது. வீட்டில் அவர் பேச்சைப் பதிவு செய்து வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. தினமும் கேட்கிற குரலை யார் பிடித்து வைப்பார்கள்? தாலாட்டுகூட விரல் தட்டித்தான். மகளுக்கு அம்மாவின் குரல் என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போய்விடுமோ என்று கால்பவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அப்போதுதான் ஏரி நினைவுக்கு வந்தது. கூடாரம் கட்டும்போது மனைவி தன்னைத் திட்டியது நன்றாக ஞாபகம் இருந்தது. திட்டென்றாலும் குரல் குரல்தானே.

காரணத்தை விளக்கிக் கடிதம் எழுதி, அதே தேதிக்கு அதே இடத்தைப் பதிவு செய்தார். கால் பவர் தவறாத மனிதர் ஒரு முழு நாளைத் தவறவிட்டது இங்கேதான். அது லீப் வருடம். ஏரிக்கு நாட்காட்டி தெரியாது, பகல்களை எண்ணத்தான் தெரியும். பிப்ரவரியில் ஒரு நாள் கூடிவிட்டதால் குரல் ஒரு தேதி முன்னதாகவே வந்துவிடும்.

காவலருக்கு இது உறைத்தபோது அந்த முந்தின நாள் காலை பதினொன்றரை. பட்டறைக்குத் தொலைபேசி செய்தார். பயணத்துக்காகப் பூட்டிவிட்டார்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்திருந்தாலும் அரை நாள் பயணம், நேரத்துக்கு வந்து சேர முடியாது. அந்த இடத்தில் அன்று ஒரு பேக்கரியின் தொழிலாளர்கள் குடும்பங்களோடு தங்கியிருந்தார்கள், நாற்பது பேர், பந்தாட்டமும் கூச்சலுமாக. காவலர் மூச்சிரைக்க ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் அந்தப் பெண்ணைப் பார்த்ததுகூட இல்லை. மாவு பிசைகிற அக்கா ஒருத்திதான் முதலில் பந்தைப் பிடுங்கி வைத்தாள். குழந்தைகள் வாயில் ஆளுக்கொரு பன் திணிக்கப்பட்டது. அடுப்புக்காரருக்குப் பழைய இருமல், அவர் தலையணையைக் கட்டிக்கொண்டு காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பன்னிரண்டு நாற்பதுக்குக் குரல் வந்தது. நாற்பது பேரும் அசையாமல் கேட்டார்கள். அது எந்தக் கீறலும் இல்லாமல் தண்ணீரைக் கடந்து மறுபடியும் காட்டுக்குள் போனது.

மறுநாள் பட்டறைக்காரர்கள் வந்து இறங்கியதும் காவலர் வாசலிலேயே சொல்லிவிட்டார். கால்பவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பேக்கரிக்காரர்கள் இடத்தைக் காலி செய்தும் கிளம்பாமல் இவர்களுக்காகக் காத்திருந்தார்கள். அம்மா கழுத்தில் தொங்கிய சிறு சிலேட்டில், ‘நான் என்ன சொன்னேன்?’ என்று எழுதி நீட்டினார். கூடாரத்துத் திட்டுக்குப் பிறகு என்ன சொன்னோம் என்று அவருக்கே நினைவில்லை. மாவு பிசைகிற அக்கா அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

“சொல்ல மாட்டோம்மா. உங்க பொண்ணு அத உங்க குரல்லயே கேக்கட்டும். பத்திரமா அனுப்பி வச்சிருக்கோம், அடுத்த வருஷம் வந்து வாங்கிக்கங்க.”

அம்மா சிலேட்டைத் துடைத்து ஏதோ எழுத ஆரம்பித்து, எழுத வராமல், அக்காவின் மாவு படிந்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த வருடம் இரண்டு கூட்டமும் சேர்ந்தே வந்தது. எழுபது பேர், ஆளுக்கொரு பன். குழந்தைக்கு ஒரு வயது எட்டு மாதம், ஒவ்வொரு சொல்லாகப் பேசத் தொடங்கியிருந்தாள். பன்னிரண்டு நாற்பதுக்குத் தண்ணீரின் மேலிருந்து வந்தது:

“ஏங்க, அந்தக் கயித்த இழுத்துக் கட்டுங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஊருக்கெல்லாம் கண்ணாடி செய்றீங்க, உங்களுக்குக் கண்ணு தெரியலயா? எல்லாரும் சாப்பிட வாங்க, ஆறிடப் போகுது! வயித்துக்குள்ள இருக்கிற மகாராணி, உன்னையும்தான்! சீக்கிரம் வா!”

சிரிப்பை அடக்கிய பட்டறைக்காரர்கள் கடைசி வரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழந்தை எழுந்து, தள்ளாடித் தள்ளாடித் தண்ணீர் ஓரம் வரை நடந்து, “வந்துட்டேம்மா” என்றாள். பின்னாலேயே போன அம்மா அவளை அள்ளி எடுத்துக்கொண்டார். குரல் முன்னாலிருந்தும் கை பின்னாலிருந்தும் வந்ததில் குழந்தைக்குக் குழப்பம் எதுவும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஒவ்வொரு வருடமும் அம்மா கூப்பிட, அதன்பின் ஒரு மழலைக் குரல், அதைவிடச் சற்றுப் பெரிய குரல், அதைவிடவும் பெரியது என்று வரிசையாக “வந்துட்டேம்மா” கேட்கிறது. கடைசியில் அவள் அந்த வருடத்துப் பதிலைச் சேர்க்கிறாள். அம்மா கரையில் உட்கார்ந்து தான் பேசுவதைக் கேட்டுத் தலையசைக்கிறார். பேக்கரிக்காரர்களை அவள் பெரியம்மா, மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். பலகையில் நிர்வாகம் ஒரு வரி சேர்த்திருக்கிறது: ‘பகல் 12.40, தாயும் மகளும். அமைதி காக்கவும். ஒவ்வொரு லீப் வருடமும் ஒரு நாள் முன்னால் நகரும்.’ குரல் வந்ததும் கால்பவர் எழுந்துபோய், விறைப்பாகவே இருக்கும் கூடாரக் கயிற்றை இன்னும் ஒருமுறை இழுத்துக் கட்டிவிட்டு, சாப்பிட வந்து உட்காருகிறார்.