ஜெப வேளையில் வரைந்த படம்

யேசுரத்தினம் வரைந்த படத்தில் அவர் வீட்டு ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். மகள் லீலாபாய் விளக்கருகே பாயில் உட்கார்ந்திருந்தாள். மைத்துனர் நேசமணி முக்காலியில். மனைவி பூங்கனி சுவரோரம் முழந்தாளிட்டிருந்தாள். போன ஆடியில் மகன் செல்வனை முட்டத்துக் கடல் கொண்டுபோனது முதல் அவள் அங்கேதான் ஜெபித்தாள்.

யேசுரத்தினம் இத்தனை காலமும் ஜமீன்தார்களையும் தேவதூதர்களையும் வரைந்து பிழைத்தவர். இந்த ஒரு எண்ணெய்ச் சித்திரத்தில்தான் உயிர் வந்திருப்பதாக அவருக்கே பட்டது. சென்னைக் கண்காட்சிக்காரர்களும் அதைக் கேட்டு எழுதியிருந்தார்கள்.

பூங்கனி படத்தை இன்றுதான் பார்த்தாள். அதில் அவளுடைய மூடிய இமைக்குக் கீழே இருந்த கண்ணீர்கூட அவர் தூரிகைக்குத் தப்பவில்லை.

"நாங்க கண்ண மூடியிருக்கும்போ நீங்க முழிச்சிட்டா இருந்திய? நல்ல ஜெபம்."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"பகல்ல அழுதா பிள்ள பயந்துருவா. ஜெபத்துல யாரும் பாக்கமாட்டாவன்னுதான் அழுதேன். இனி மெட்ராஸ்காரன் எல்லாம் பாக்கணுமாக்கும்."

"கண்ணீர மட்டும் அழிச்சிருதேன்."

"அத அழிச்சா பின்ன படத்துல என்ன இருக்கு?"

அதுதான் அவருக்கும் தெரிந்திருந்தது. மேசையில் உட்கார்ந்து, சென்னைக் கண்காட்சிக்காரர்களுக்கு, படம் விற்பனைக்கோ பார்வைக்கோ இல்லை என்று மரியாதையாக எழுதினார். உறையைப் பசை தடவி ஒட்டி, நேசமணியிடம் தபாலில் சேர்க்கக் கொடுத்தார்.