ஹேப்பி வேற, சந்தோஷம் வேற

சிதம்பரம் கீழவீதியில் ஒரு வீட்டின் மாடிப்படியில் அமராவதி ஏறினாள். மூன்று வருஷம் கழித்து மகளைப் பார்க்கப் போகிறாள். சார்லஸைக் கல்யாணம் செய்துகொண்டு வினோதினி போன நாளிலிருந்து அவள் அப்பா சிங்காரம் அவள் பேச்சையே வீட்டில் எடுக்க விடவில்லை. இன்றும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் கடலூரில் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்த வினோதினி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "வாங்க அத்தை" என்ற சார்லஸ், காபி போடப்போகிறேன் என்று உள்ளே போனான்; வெகு நேரமாகியும் வெளியே வரவில்லை. அமராவதி மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இளைத்திருக்கிறாளா, வெயிலில் கறுத்திருக்கிறாளா, பார்த்துப் பார்த்தும் தெரியவில்லை. சந்தோஷமா இருக்கியா என்று கேட்கத்தான் வந்தாள். கேட்டால் இரண்டு பேருமே அழுதுவிடுவார்கள் போலிருந்தது.

"ஹேப்பியா இருக்கியாடி?"

வினோதினி சிரித்துவிட்டாள். அவள் கற்றுக்கொடுத்த வார்த்தைதான் அது. இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, மஞ்சக்குப்பம் வீட்டில் ஒரு சாயங்காலம், ஹேப்பி என்றால் சந்தோஷம்தானே என்று அமராவதி கேட்டதற்கு, "இல்லம்மா, எனக்கு மட்டும் வந்தா ஹேப்பி. வீட்ல எல்லாருக்கும் வந்தாத்தான் சந்தோஷம்" என்று அடித்துச் சொன்னாள். சிங்காரத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதற்கப்புறம் ஆபீஸ் விட்டு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஹேப்பியா பாப்பா?" என்றுதான் கேட்பார். அவள் காலேஜ் போன பிறகும் கேட்டார்.

"ஹேப்பியாத்தாம்மா இருக்கேன். அவுரு நல்லாப் பாத்துக்கிறாரு" என்றாள் வினோதினி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சந்தோஷந்தான் இன்னும் வரல. அப்பா வரணும்."

சாயங்காலம் அவள் திரும்பி வந்து இறங்கியபோது, கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிங்காரம் மொபெட்டோடு நின்றிருந்தார். "கல்யாணம் நல்லா நடந்துச்சா?"

வழியெல்லாம் யோசித்து வைத்த பொய் அமராவதியின் வாயில் வரவில்லை.

"கல்யாணத்துக்குப் போவலங்க. அவளத்தான் பாத்துட்டு வர்றேன்."

சிங்காரம் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பின்சீட்டைத் துடைத்தார். தூசி எப்போதோ போய்விட்டது. விழுப்புரம் பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப்போனது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.