பதினெட்டாயிரம் ரூபாய்ச் சேவல்

பால்கனிக் கம்பியில் கட்டியிருந்த சேவலை என்ன செய்வதென்று வில்பிரட்டுக்கு இரண்டு நாளாகத் தெரியவில்லை.

குழம்பு வைக்கலாம் என்றால் மனைவி மிருதுளா முடியவே முடியாது என்றுவிட்டாள். "பதினெட்டாயிரம் ரூபாயைச் சட்டியில போட்டுக் கிண்டச் சொல்றீங்களா?" கறிக்கடைக்காரர் அறுநூறுக்கு மேல் பேச மறுத்தார். சிட்லபாக்கத்து அடுக்குமாடியில் வளர்க்கவும் வழியில்லை. விடியும் முன்பே அது கூவியதில், கீழ்வீட்டுப் பெரியவர் வாட்ஸப் குழுவில் புகார் போட்டுவிட்டார். கோயிலுக்கே திருப்பிக் கொடுக்கலாமென்றால், ஏலத்தில் எடுத்ததைத் திருப்பினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

கிறிஸ்தவக் கோயில்களில் அறுப்பின் பண்டிகை ஏலம் எப்படி நடக்கும் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. வயல் இருந்த காலத்தில் முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைத்தார்கள். தாம்பரத்தைச் சுற்றி இப்போது வயல் ஏது? ஆனாலும் பண்டிகை நிற்கவில்லை. பூசணிக்காய், கேக், கோழி, பிளாஸ்டிக் வாளி என்று அவரவரால் முடிந்ததைக் கொண்டுவருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம் தொடங்கும். ஏலம் கேட்பவர் பொருளுக்கு விலை சொல்வதில்லை, தன் காணிக்கையைச் சொல்கிறார். அதனால்தான் ஒரு தேங்காய் ஐந்நூறுக்குப் போனாலும் யாரும் சிரிப்பதில்லை. கேட்ட தொகையை அடுத்த ஞாயிற்றுக்குள் கட்டினால் போதும். இருப்பவர் தாராளமாகக் கொடுப்பார்; இல்லாதவர் கொண்டுவந்த முட்டைக்கும் மரியாதை கிடைக்கும். அருமையான ஏற்பாடுதான். அது பழுதாவது ஒரே இடத்தில்: ஏலம் எடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லும்போது.

போன வருடம் அந்த மைக்கில் ஒலித்தது சபைப் பொருளாளர் குணசீலனின் பெயர். கடைசிவரை போட்டி போட்டுத் தோற்ற வில்பிரட், அடுத்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தார். வருடம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த இருபதாயிரத்தை ஒரு கவரில் போட்டு, 'கர்த்தருக்கு' என்று எழுதி, பீரோவில் வைத்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை குணசீலன் பதினேழாயிரம் என்றார். வில்பிரட் பதினெட்டு என்று கையைத் தூக்கினார். பந்தலே கைதட்டியது.

அந்தச் சேவலைக் கோயிலுக்குக் கொண்டுவந்தவள் பொன்னியம்மாள். வில்பிரட் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு கூட்டுகிறவள்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வந்தவள், துடைப்பத்தோடு பால்கனிக்குப் போனாள்.

"இன்னாடா, மாடி வூட்டுக்காரனா ஆயிட்டியா? தீனி கீனி கெடைச்சுதா?"

சேவல் ஓடிவந்து அவள் விரலைக் கொத்தியது. அறைக்குள்ளிருந்து அதைப் பார்த்த வில்பிரட்டுக்கு என்னவோ போலிருந்தது.

"பொன்னி, இதை நீயே எடுத்துட்டுப் போயிடேன்."

"ஐயையோ, வேணாம் சார்! எம்பொண்ணு தீபாவுக்கு நர்சிங் சீட்டு கெடைச்சா சேவல் தரேன்னு பொருத்தனை பண்ணது. சாமிக்குக் குடுத்துட்டு நானே திருப்பி வாங்கிக்கினா நல்லாவா இருக்கும்?"

"சீட்டுதான் கிடைச்சிருச்சே. பீஸ் கட்டிட்டியா?"

பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வியாழக்கெழம கடைசி நாளு சார். வட்டிக்கு ஒருத்தராண்ட கேட்டுக்கீறேன். மாசம் நூத்துக்குப் பத்தாம். இன்னா பண்றது?" குறையாக எதுவும் சொல்லாமல் அவள் கூட்டி முடித்துச் சமையலறைக்குப் போனாள்.

இரண்டு வருடமாகப் பொன்னியம்மாள் தன் சம்பளத்தில் மாதம் ஆயிரம் ரூபாயை மிருதுளாவிடமே விட்டுவைத்திருந்தாள். "என் கையில இருந்தா செலவாயிடும்க்கா, நீயே வெச்சிக்க" என்பாள். ஆனால் அந்தப் பணத்தை யாரும் தனியாக எடுத்து வைக்கவில்லை. அது வீட்டுச் செலவோடு கலந்து, பெட்ரோலாகவும் கார்த் தவணையாகவும் கரைந்தது. கல்லூரிக்குக் கட்டவேண்டுமென்று போன வெள்ளிக்கிழமை அவள் வந்து கேட்டபோது வில்பிரட், "இப்ப கொஞ்சம் டைட்டா இருக்கு பொன்னி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார்.

அதைச் சொல்லும்போது கவர் பீரோவில்தான் இருந்தது. ஆனால் தான் பொய் சொல்வதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அது கர்த்தருடைய பணம், அதில் எப்படிக் கைவைப்பது என்று உண்மையாகவே நினைத்தார். பக்தியுள்ளவர்களை மட்டுமே பிடிக்கும் கண்ணி இது. ஒரு பணத்தின்மேல் கடவுள் பெயரை எழுதிவிட்டால், அதை மனிதர் யாரும் கேட்கமுடியாது என்று ஆகிவிடுகிறது. பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டதை வில்பிரட் எத்தனையோ முறை வாசித்திருக்கிறார். அது வேறு யாருக்கோ சொன்னது என்றுதான் இதுவரை எண்ணியிருந்தார்.

மிருதுளா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வட்டிக்கு வாங்கப் போறாளாம். அவ பணம் நம்மகிட்ட இருக்குங்க. பாத்திரம் தேய்க்கிறவ முகத்தை என்னால பாக்க முடியல."

"பீரோவுல இருக்கிறது கர்த்தருக்குன்னு எடுத்து வெச்சது, மிருது."

"எழுதினது நீங்கதானே? அவரா வந்து எழுதிக்கிட்டார்?"

வில்பிரட் கட்டிலில் உட்கார்ந்தார். பந்தலில் கேட்ட கைதட்டல் இப்போது கன்னத்தில் விழும் அறைபோல் காதில் ஒலித்தது.

"சேவலும் அவளோடது. பணமும் அவளோடது. மைக்ல சொன்ன பேர் மட்டும்தான் என்னோடது" என்றார்.

கவரைப் பிரித்தார். மிருதுளா தன் கைப்பையிலிருந்து மீதி நாலாயிரத்தை எடுத்து வைத்தாள். இருவருமாகச் சமையலறைக்குப் போய்க் கொடுத்தார்கள். பொன்னியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடுத்த மாசம்னீங்களே சார்?"

"பொய் சொன்னேன் பொன்னி. அன்னிக்கே பணம் இருந்தது. மன்னிச்சுக்கோ."

அவள் பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வெள்ளிக்கெழமையே குடுத்திருந்தா, வட்டிக்காரன் வூட்டு வாசல்ல எம்பொண்ண இட்டுக்கினு போய் நின்னிருக்க மாட்டேன் சார்" என்றாள். குரலில் கோபமில்லை. அதுதான் வில்பிரட்டைத் தலைகுனிய வைத்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த வாசலில் நின்ற நேரத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அன்று மாலை குணசீலனுக்குப் போன் செய்தார்.

"ஏலப் பணத்தை இந்த வாரம் கட்ட முடியாது சார். மாசம் மூவாயிரமா ஆறு மாசத்துல கட்டிடறேன்."

"என்ன வில்பிரட், கை தூக்கும்போது மட்டும் ராக்கெட் வேகம்!" குணசீலன் சிரித்தார். "கமிட்டியில காரணம் கேப்பாங்களே, என்ன சொல்லட்டும்?"

கையில் கொஞ்சம் டைட் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வில்பிரட் அப்படிச் சொல்லவில்லை.

"வீட்டு வேலை செய்யற அம்மா சேத்து வெச்ச காசு எங்ககிட்ட இருந்தது. கேட்டப்ப அதைத் தராம ஏலத்துல கை தூக்கினேன். இதையே சொல்லுங்க."

எதிர்முனையில் சிரிப்பு நின்றுபோயிற்று. பிறகு குணசீலன், "எங்க டிரைவருக்கு நானும்..." என்று ஆரம்பித்து, முடிக்காமலே போனை வைத்துவிட்டார்.

சேவலைப் பற்றிய குழப்பமும் அத்தோடு முடிந்தது. அதைக் கறிக்கடையில் கொடுத்து அறுநூறு ரூபாய் வாங்கிய வில்பிரட், அந்தப் பணத்தைப் பெயர் எழுதாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டார். அந்தச் சேவல் பெறும் உண்மையான விலை அவ்வளவுதான் என்பதை ஒப்புக்கொள்ள இப்போது அவருக்குக் கூச்சமில்லை.

அந்த வாரமே பொன்னியம்மாளின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கியாயிற்று. இனி சம்பள நாளில் அவளுடைய முழுச் சம்பளமும், அவள் சேமிக்கும் ஆயிரம் உட்பட, முதல் வேலையாக அவள் கணக்குக்குப் போய்விடும். அடுத்து பால்காரருக்கும் மற்றவர்களுக்கும் தரவேண்டியது. எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் காணிக்கைக் கவர் வெளியே வரும். மனிதருக்குத் தரவேண்டியதை வைத்துக்கொண்டு கடவுளுக்குக் கொடுப்பது காணிக்கை அல்ல. அடுத்தவர் பணத்தில் நமக்கு வாங்கும் நல்ல பெயர். முதலில் கடனைத் தீர்க்கவேண்டும், அதற்குப் பிறகு கொடுப்பதே காணிக்கை.