இருமவிடாத சொந்தங்கள்

ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வருகிறார்கள். கட்டிலிலேயே உட்கார்ந்து, வாங்கி வந்த ஆரஞ்சைத் தாங்களே உரித்துத் தின்றுகொண்டு, நோயாளிக்கு வைத்தியம் சொல்கிறார்கள்.

பக்கத்துக் கட்டில் சுவாமிதாஸுக்கும் எனக்கும் ஒரே நோய், நுரையீரலில் புற்று. அவனுக்குத்தான் முதலில் அறுத்தார்கள். அவன் பிழைப்பதைப் பார்த்துவிட்டு நான் சம்மதம் சொல்லலாம் என்றிருந்தேன். டாக்டர்கள் வாயை நம்பி நான் எதிலும் இறங்குவதில்லை.

அறுத்த மறுநாளே சுவாமிதாஸ் எழுந்து உட்கார்ந்தான். "பயப்படாதீரும் அண்ணாச்சி. தம்பானூர் ஹோட்டல்ல விறகடுப்பு முன்னால நின்ன ஆளு, உமக்கு இதெல்லாம் ஒரு சூடா?" என்றான்.

மலையாளத்து நர்ஸ் அவன் காயத்தில் தலையணையை வைத்து அணைத்துப் பிடித்து, "இருமணும் சேட்டா. சளி உள்ளே கிடந்தா ஆபத்தாணு" என்பாள். இருமினால் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். மனைவி லீலாபாய்க்கு அது பொறுக்கவில்லை. நர்ஸ் நகர்ந்ததும் அவன் வாயைப் பொத்தினாள்.

"இருமண்டாம். தையல் விட்டுப்போவும்."

"அனங்காம, அசையாம கெடயும்வே" என்றார் அவன் மாமன். வந்த சனமெல்லாம் அதையே சொன்னது.

அவனும் நல்ல பிள்ளையாகக் கிடந்தான். காய்ச்சல் வந்தது. சளி கட்டி மூச்சடைத்து, ஞாயிற்றுக்கிழமை செத்தான்.

"ஆபரேஷன் நன்னாத்தான் நடந்தது" என்றார் டாக்டர் கல்யாணராமன். கரமனை அக்கிரகாரத்துக்காரர்.

"அப்போ செத்தது யாரு?"

அவர் கோபப்படவில்லை. "அறுக்கறதுல ஆபத்து இருக்கு, மறைக்கலை. அதுக்கப்புறம் வர நாள்ல இன்னும் ஜாஸ்தி. அறுக்காம விட்டா வருஷம் தாண்டறது கஷ்டம். உங்க கூட யார் இருக்கா?"

"யாருமில்ல."

"நல்லதாப் போச்சு. வாயைப் பொத்த ஆளில்லை" என்று சிரித்தார்.

தலையணையைப் பிடிக்கவும்தான் ஆளில்லை. வார்டு முழுக்க நோயாளிகள், நர்ஸ் ஒருத்தி. அவள் என் கட்டிலுக்கு வந்து சேரும்வரை என் நெஞ்சை யார் பிடிப்பது?

தூக்குவாளியை எடுக்க வந்த லீலாபாய் என் பக்கம் நின்றாள். "அவியளுக்கு வலிக்குதேண்ணுதானே அண்ணாச்சி சொன்னேன்."

வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவனுக்காவது வலிக்கிறதே என்று சொல்ல ஒருத்தி இருந்தாள்.

அவள் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

"எங்கோட்டா அப்பூப்பா? நாளைக்கு டாக்டர் கேட்பாரே" என்றாள் நர்ஸ். அவளுக்கு நான் தாத்தா.

"கேக்கட்டும்."

டாக்டர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அறுத்துக்கொள்ள எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாசலில் பஸ் நின்றிருந்தது. அவசரமாகப் போய்ச் சேர எனக்கு யாருமில்லை, ஏறாமல் நடந்தேன்.