தொண்ணூற்றெட்டு சதவீதம்

என் மகன் ஸ்ரீவிஷ்ணுவின் போனுக்கு யாராவது கூப்பிட்டால் நெட் அறுந்துவிடும். ஏறிக்கொண்டிருக்கும் வீடியோ மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் அவன் வீடியோ ஏற்றும் நேரத்தில் வீட்டில் யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது என்பது சட்டம். அவன் அப்பா போன அன்றுகூட ஆள் அனுப்பித்தான் அவனுக்குச் சொன்னோம்.

முக்கூடலில் எங்கள் தெருவுக்குள் டவர் எட்டாது. ஆற்றுப் படித்துறையில்தான் இரண்டு கோடு காட்டும். ஆகவே அவனுக்கு ஸ்டூடியோ அதுதான், கதாநாயகி நான்தான். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து வகுப்பில் ஒரு பிள்ளையையும் சிரிக்கவிடாத சீதாலக்ஷ்மி, இப்போது ஊரே சிரிக்கக் குடத்தோடு வழுக்கி விழுகிறாள். வேலை போய் இரண்டு வருஷமாகச் சும்மா இருக்கிறானே, ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான் விழுந்தேன். பெற்ற பாவம்.

அன்றைக்கு ஏதோ ஒரு செயலியில் போட்டி. பகல் பன்னிரண்டு மணிக்குள் வீடியோ போய்ச் சேர வேண்டும். ஜெயித்தால் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். இரண்டு தடவை விழுந்து காட்டினேன். நடிப்பு என்று தெரிகிறது என உதட்டைப் பிதுக்கினான். மேலே போய் முகம் துடைத்துக்கொண்டு வரச் சொன்னான். திரும்பி வந்து மூன்றாம் தடவை காலை வைத்தேன். கால் தானாகப் போய்விட்டது. இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

“இதுதாம்மா. இது நிஜமா இருக்கு” என்றான். மேல்படிக்கு ஓடிப்போய் வீடியோவை ஏற்றத் தொடங்கினான்.

எழுந்திருக்க முடியவில்லை, ஆம்புலன்சைக் கூப்பிடு என்று கத்தினேன்.

“கூப்பிட்டா நெட் கட்டாயிடும்மா. பாதி ஏறியாச்சு. செத்த பொறுத்துக்கோ.”

கையை ஊன்றிப் பார்த்தேன். கல்லெல்லாம் கொழகொழவென்று இருந்தது, வாசனை வேறு. பக்கத்தில் ஒரு ஷாம்பு பாக்கெட் கிழிந்து கிடந்தது. நான் ஆயுசுக்கும் சிகைக்காய் தேய்க்கிறவள். எங்கள் வீட்டில் ஷாம்பு வாங்குகிறவன் ஒருத்தன்தான். அதுவரை எனக்கு வலி மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் கோபம் வந்தது.

மேலே இருந்து எனக்கு ஆறுதலாக எண் சொல்லிக்கொண்டே இருந்தான். எழுபதும்மா. எண்பத்தஞ்சும்மா. புடவை மடிப்பில் செருகியிருந்த பட்டன் போனை மெல்ல உருவினேன். நானே 108-ஐ அழுத்தியிருக்கலாம். புத்தியுள்ள எவளும் அதைத்தான் செய்வாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“தொண்ணூத்தெட்டும்மா. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு பன்னெண்டுக்கு. ஜெயிச்சுட்டோம்.”

அவன் நம்பரை அழுத்தினேன்.

அவன் கையில் போன் மணியடித்தது. திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். படியில் தொப்பென்று உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் விழுந்தபோது அந்தக் கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அவன் அழுது முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் 108-ஐ அழுத்தினேன்.