கூப்பிடாத ஆள்

எல்லோரும் கைகழுவிக் கிளம்பிவிட்டார்கள். ஆனால் சுவர்க் கொக்கியில் இன்னும் ஒரு சாப்பாட்டுப் பை தொங்கியது.

"டேய் பல்லி, உள்ள யாருடா இருக்கா?"

பல்லி என் தம்பி. மீன் பெட்டி அடுக்கும் குளிர் அறைக்குச் சாவிக்காரன். பூட்டும் முன் ஒவ்வொருவரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவான். உள்ளே இருப்பவர்கள் குரல் கொடுத்துவிட்டு வெளியே வரவேண்டும். உட்புறக் கைப்பிடி உடைந்ததிலிருந்து எங்களுக்கு அதுதான் சட்டம்.

"எல்லாரும் வந்தாச்சுக்கா."

"அந்தப் புதுசு?"

வேறு நாட்டுக்காரன், வேறு நிறம். சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும் எங்களுக்கு அவன் புதுசுதான். பட்டப்பெயர்கூட வைக்கவில்லை, கூப்பிடாமலே வெளியே வந்துவிடுவான்.

"அவன் அப்பவே போயிட்டான். என் கண்ணால பார்த்தேன்."

வாசலில் லாரிக்காரர் நின்றிருந்தார். அவரும் அந்த நாட்டுக்காரர்தான். ஆனால் குட்டை, வழுக்கை, வயதும் இரண்டு மடங்கு.

"அண்ணே, கொஞ்சம் முன்னாடி உள்ளேர்ந்து வந்தது நீங்களா?"

"ஆமாம்மா. பெட்டி இறக்கிட்டு வந்தேன்."

தம்பிக்கு முகம் வெளிறியது. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கானுங்க, நான் என்னக்கா பண்றது?"

"கண்ணு முகத்துல இருக்கா, பொடனியில இருக்கா? குடுடா சாவிய!"

அவசரத்தில் சாவியைக் கீழே போட்டான் தடியன். நான் எடுத்துத் திறந்தேன். கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்தான் அவன். உதடு நீலம், விரல் முட்டியெல்லாம் ரத்தம். தட்டியிருக்கிறான், இயந்திர இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? லாரிக்காரர் ஓடிப்போய்த் தன் போர்வையைக் கொண்டுவந்து சுற்றினார்.

அவன் தேறி வேலைக்குத் திரும்பிய அன்று மேஸ்திரி சாவியை அவனிடமே கொடுத்தார். தம்பிக்கு உள்ளே அடுக்கும் வேலை.

"அக்கா, வேணும்னே பூட்டிடுவான். நீ வெளிய நில்லுக்கா."

"நிக்கிறேன். இப்பத் தெரியுதா பயம்னா என்னன்னு?"

வாய்தான் அப்படிப் பேசியது. சாயங்காலம், கட்டுப்போட்ட கையால் அவன் கதவைப் பிடித்தபோது எனக்கு உயிரே இல்லை. அவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"பல்லி!"

முதல் ஆளாக என் தம்பியை. பிறகு ஊசி, கொண்டை, குண்டு மாமா, ஒருவரையும் விடவில்லை. எங்கள் பட்டப்பெயர் அத்தனையும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

தம்பி வெளியே வந்து அவன் எதிரில் நின்றான். முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"உன் பேரு என்னண்ணே?"

நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். இதைக் கேட்க ஒரு ஆள் உறைந்துபோக வேண்டியிருந்தது, பாவிகளா.