மூன்றாவது வரி

திருத்தங்கல் அச்சகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதல் தாள் சரியாக வந்துவிட்டால் பத்தாயிரமாவது தாளும் சரியாகத்தான் வரும். புரூஃப் பார்க்கிறவரைக்கும்தான் பயம். அதற்குப் பிறகு மெஷின் ஓடும், ஆள் டீ குடிக்கப் போகலாம்.

மாரிசெல்வி அந்தச் சட்டத்திலேயே வளர்ந்தவள். பன்னிரண்டு வயது வரை தீப்பெட்டி ஒட்டினாள். பத்தாவது முடித்ததும் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கச் சேர்ந்தாள். மத்தாப்புப் பெட்டி லேபிள், வெடிக் கட்டு லேபிள், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவகாசிக்குப் போய் வெப் டிசைனும் படித்தாள்.

2006இல் பட்டாசுத் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாள். காசுக்கு அல்ல. அச்சங்குளத்தில் அவள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற ஆள்.

சங்கச் செயலாளர் செல்லப்பாண்டிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏ புள்ள, ராக்கெட்டு ஒண்ணு கீழ இருந்து மேல போய் வெடிக்க வேண்டாமா? எழுத்தெல்லாம் மினுக்கு மினுக்குன்னு எரிய வேண்டாமா? பட்டாசு ஊருச் சைட்டு, எளவு வீடு மாதிரி வெள்ளையாக் கெடக்கு."

"அண்ணாச்சி, நம்ம பிள்ளைக திருப்பூர்ல, கோயம்புத்தூர்ல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து பாப்பாக. உங்க ராக்கெட்டு மேல போறதுக்குள்ள அவுக அரைமணி நேரம் முடிஞ்சிரும்."

"நமுத்துப்போன வெடி மாதிரி இருக்குத் தாயி."

"நமுத்த வெடி ஆளக் கொல்லாது அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டுப் போனார். அவள் ஒவ்வொரு படத்தையும் சுருக்கினாள். வயசாளிகளுக்கும் தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினாள். என்ன தேடி வருகிறார்களோ அது முதல் பக்கத்திலேயே கிடைக்கும்படி வைத்தாள். உட்காருகிறவன் யார், அவன் எதற்கு வருகிறான் என்று யோசித்து யோசித்துத்தான் செய்தாள். எல்லாம் முடிந்ததும் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். எழுத்து கண்ணாடி மாதிரி இருந்தது. புரூஃப் சரி.

அந்தத் தீபாவளிக்கு எதிர் வீட்டு வேலுத்தாயின் மகன் முனியராஜ் திருப்பூரில் இருந்து வந்திருந்தான். பனியன் கம்பெனியில் வேலை. தகப்பன் இல்லை. தாய்க்கு அவன், அவனுக்குத் தாய். மாரிசெல்வி ஒரு மத்தாப்பு லேபிளின் பின்பக்கத்தில் சைட் முகவரியை எழுதிக் கொடுத்தாள்.

"ராசு, ஊர்ல என்னன்னாலும் இதுல போட்டிருப்பேன். பாத்துக்கோ."

"எங்கம்மா என்ன கொழம்பு வச்சிச்சுன்னும் போடுவீகளாக்கா?"

"போடுதேன். நீ வந்து திங்கவா போற."

வேலுத்தாய் வாசலில் இருந்து, "அவன் மொதல்ல ஞாயித்துக்கெழம கடைக்குப் போன் பண்ணட்டும்" என்றாள். மகன் அழைப்பது பலசரக்குக் கடைப் போனுக்குத்தான். மகனுக்கு என்று நம்பர் கிடையாது.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்தது. வேலுத்தாய் அங்கேதான் வேலை செய்தாள். காயம்பட்ட பதினான்கு பேரையும் கிடைத்த வண்டியில் ஏற்றி, இடம் இருந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கொண்டுபோனார்கள். யார் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சங்கத்துப் போன் ஓயாமல் அடித்தது. செல்லப்பாண்டி ஊர் ஊராக அலைந்து சாயங்காலத்துக்குள் ஒரு பட்டியல் கொண்டுவந்தார்.

மாரிசெல்வி ஒவ்வொரு வரியாக அடித்தாள். பெயர், வயது, ஊர், சேர்த்த இடம். மூன்றாவது வரி: வேலுத்தாய், 46, அச்சங்குளம், மதுரை.

அடித்து முடித்ததும் ஒரே ஒரு நினைப்புதான். ராசு பார்ப்பான். நேரே மதுரைக்குப் போவான்.

செய்தி கேட்டதும் அவன் முதல் தடவையாகத் திறந்து பார்க்கத்தான் செய்தான். மதுரைக்குத்தான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மதுரை ஆஸ்பத்திரியில் வேலுத்தாய் செத்துப்போனாள். கூட இருந்தவள் பாலம்மாள், அதே கம்பெனியில் பக்கத்து அறைக்காரி. மகன் ஒன்பதரைக்குத்தான் வந்தான். அதுவும் சிவகாசியில் தேடி, விருதுநகரில் தேடி, அதற்குப் பிறகு.

மூன்றாம் நாள் செல்லப்பாண்டி அச்சகத்துக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தாயி, அந்தப் பய ஒரு பேப்பரோட அலையுதான். நம்ம சைட்டுப் பக்கமாம். எழுத்தே வெளங்கலங்கான். உங்கிட்டத்தான் வருவான். சர்வர் கோளாறுன்னு சொல்லிரு. அவனுக்கு என்ன தெரியும்?"

"என்ன எழுத்து வெளங்கல?"

"எனக்கென்ன தெரியும். நீதான் படிச்சவ."

முனியராஜ் மத்தியானம் வந்தான். மொட்டை அடித்திருந்தான். மடித்து மடித்துக் கிழிய இருந்த தாளை மேஜையில் விரித்தான். திருப்பூர் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தது.

மேலே தலைப்பு அழகாக வந்திருந்தது: விபத்தில் காயமடைந்தோர் பட்டியல். அதை அவள் லேபிள் போடுகிற மாதிரி படமாகச் செய்திருந்தாள். படம் எந்தக் கம்ப்யூட்டரிலும் படம்தான். அதற்குக் கீழே பதினான்கு வரியிலும் தமிழே இல்லை.

3. NtYj;jha; 46 mr;rq;Fsk; kJiu

மாரிசெல்வி குனிந்து அந்த வரியைப் படித்தாள். அது கோளாறு இல்லை. அவள் விரல் தட்டிய விசைகள். அச்சகத்துத் தமிழ் எழுத்து, அந்த ஃபான்ட், இருக்கிற கம்ப்யூட்டரில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் விசையாக நிற்கும். அந்த எழுத்து சிவகாசி அச்சகம் ஒவ்வொன்றிலும் இருந்தது. திருப்பூரில் எதற்கு இருக்கப்போகிறது? ஒரு மெஷினில் புரூஃப் பார்த்துவிட்டு, ஊரில் உள்ள மெஷினெல்லாம் அதே தாளைத்தான் அடிக்கும் என்று நம்பியிருக்கிறாள்.

"இதுல எங்கம்மா பேரு எங்கனக்கா இருக்கு?"

சர்வர் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. செல்லப்பாண்டி இன்னும் போகாமல் வாசலில் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். நாலு வருசமாக அடித்த கை, கண்ணை மூடிக்கொண்டும் படிக்கும்.

"வேலுத்தாய். நாப்பத்தாறு. அச்சங்குளம்." நிறுத்தினாள். "மதுரை."

"படிக்கத் தெரியுதே உங்களுக்கு."

"என் ஒருத்திக்குத்தான் தெரியும் ராசு. நான் போட்ட எழுத்து தப்பு. எல்லாக் கம்ப்யூட்டர்லயும் தெரியுற எழுத்துல போட்டிருக்கணும். வேற ஒரு கம்ப்யூட்டர்ல தொறந்து பாத்திருக்கணும். பாக்கல."

செல்லப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

முனியராஜ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நம்பரு மட்டும் தெரிஞ்சிச்சுக்கா. மூணாவதுல நாப்பத்தாறுன்னு. எங்கம்மாவுக்கும் நாப்பத்தாறு. அதப் பாத்துத்தான் பஸ் ஏறுனேன். கடைக்குப் போன் போட்டா யாரும் எடுக்கல. சிவகாசியிலதான் வச்சிருப்பாகன்னு நெனச்சேன்." தாளைத் தடவினான். "மதுரையில பஸ்ஸு இருவது நிமிசம் நின்னுச்சு. எறங்கி டீ குடிச்சேன். ராத்திரி மூணு மணி இருக்கும். பாலம்மா சித்தி சொல்லுது, மூணு மணிக்கு அம்மா பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சாம். ராசு வந்துட்டானா, ராசு வந்துட்டானான்னு."

அச்சக மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஆர்டர், சரவெடி லேபிள்.

"இன்னொருக்கா வாசிங்கக்கா."

வாசித்தாள். அவன் உதடும் கூடவே அசைந்தது.

"மத்தப் பதிமூணு பேருக்கும் வெளியூர்ல ஆள் இருந்திருக்கும்லக்கா."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கொடுக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்கவும் இல்லை. படி இறங்கியவன் நின்று, "சாப்பிட்டீகளா?" என்றான். பழக்கத்தில் கேட்டுவிட்டான். அதை நினைத்து அவனே திகைத்த மாதிரி ஒரு கணம் பார்த்துவிட்டு நடந்தான்.

அச்சகத்துக்கு எதிரே, பஸ் ஸ்டாப்பை ஒட்டிக் கண்ணுச்சாமியின் பிரவுசிங் சென்டர். நூறு அடி இருக்காது. நாலு வருசமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வந்தாள். சொந்தமாக மெஷின் இருக்கும்போது அங்கே என்ன வேலை என்று ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

சாலையைக் கடந்து போய் உட்கார்ந்தாள். முகவரியை அடித்தாள். பக்கம் வேகமாகத்தான் திறந்தது. வெள்ளையாக, சுத்தமாக, எழுத்து பெரிதாக. மூன்றாவது வரி வந்தது.

பின்னால் வந்து நின்ற கண்ணுச்சாமி குனிந்து பார்த்தார்.

"இது என்ன பாசைம்மா?"

"தமிழுதான் அண்ணாச்சி" என்றாள் மாரிசெல்வி.